படகு வந்தது, வித்தை வரவில்லை: கயாக் மீன்பிடிப் போட்டிகளும் காற்றும்

சற்றே நீளமான பதிவு. பொறுமை உள்ளோர் வாசிக்கலாம்.

கலங்களின் பெயர்கள் ஒரு மொழியிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது என்னவாகின்றன என்பதைச் சில மாதங்களாகத் தேடி வாசித்து வருகிறேன். முனைவர் பட்ட ஆய்வுக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆய்வேட்டை எழுதாமல் தள்ளிப்போட உதவும் வாசிப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அத்தேடல் என்னை எதிர்பாராத ஓரிடத்தில் கொண்டுபோய் விட்டது: அமெரிக்காவின் சிறு நகரங்களில் நடைபெறும் கயாக் பாஸ் மீன்பிடிப் போட்டிகள். நான் கயாக்கில் ஏறியதும் இல்லை, பாஸ் மீனைப் பிடித்ததும் இல்லை. எனினும் அப்போட்டிகளின் வரலாற்றில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. காற்று உரத்து வீசும் காலையில் ஏரிக்குள் இறங்குவதா, கரையில் நிற்பதா? அதை முடிவு செய்ய வேண்டியவர் யார்? இக்கேள்வியை விளங்கிக்கொள்ள மூன்று வரலாறுகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: படகின் வரலாறு, மீனின் வரலாறு, போட்டியின் வரலாறு.

படகு

கயாக் என்பது இனுயிட் மக்களின் சொல். அதன் முதல் ஒலி நம் ககரம் அன்று. உள்நாக்கு அருகே தொண்டையின் பின்புறத்தில் பிறக்கும் வல்லொலி. டேனிய மொழி வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்தபோது முதலில் உதிர்ந்தது அவ்வொலிதான். உதிர்ந்தவை இன்னும் பல.

கிரீன்லாந்தின் வேட்டைக்காரர் தம் உடலையே அளவுகோலாகக் கொண்டு கயாக்கைக் கட்டினார். மரம் முளைக்காத கரையில், கடல் கொண்டுவந்து ஒதுக்கிய மிதவை மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைந்தது. அதன்மேல் பெண்கள் கடல்நாய்த் தோலை நீர் கசியாத் தையலால் தைத்துப் போர்த்தினர். கலத்தின் நீளம் ஐந்து மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அகலமோ ஏறத்தாழ அரை மீட்டர். வேட்டைக்காரர் அணிந்த தோலங்கியின் கீழ்விளிம்பை இருக்கைத் துளையின் வளையத்தோடு இறுகக் கட்டிவிட்டால் மனிதரும் படகும் ஒன்றே. அது ஏறி அமரும் கலம் என்பதைவிட உடுத்திக்கொள்ளும் கலம் எனலாம்.

இவ்வளவு ஒடுங்கிய கலம் கவிழாமல் இராது. கவிழ்ந்தால், உறைபனியை ஒத்த அந்நீரில் நீச்சலால் பயனில்லை. ஆகவே தலைகீழாகத் தொங்கியபடியே துடுப்பையும் இடுப்பையும் கொண்டு கலத்தைச் சுழற்றி நிமிரும் வித்தை பிறந்தது. உருண்டெழுதல் என்று அதைச் சொல்லலாம். துடுப்போடு எழுவது ஒரு முறை. துடுப்பு கைநழுவிப் போனால் ஈட்டியெறியும் கட்டையால் எழுவது ஒரு முறை. அதுவும் போனால் வெறுங்கையால் எழுவது மற்றொன்று. கிரீன்லாந்தின் கயாக் சங்கம் நடத்தும் தேசியப் போட்டியில் இன்றும் முப்பதுக்கும் மேற்பட்ட முறைகள் மதிப்பெண் இட்டுச் சோதிக்கப்படுகின்றன. ஒவ்வொரு முறைக்குப் பின்னும் ஒரு விபத்தின் நினைவு இருக்கிறது. கயிறு கையில் சிக்கியபோது எப்படி எழுவது, ஒரு கை செயலிழந்தபோது எப்படி எழுவது என்று தலைமுறைகள் சேர்த்து வைத்த விடைகள் அவை.

வெளியார் இதைக் கற்க முயன்றதும் உண்டு. ஆங்கிலேயரான கினோ வாட்கின்ஸ் 1930களின் தொடக்கத்தில் கிழக்குக் கிரீன்லாந்தில் தங்கி, உள்ளூர் வேட்டைக்காரர்களிடமே இவ்வித்தையைப் பயின்று தேர்ந்தார். 1932 ஆகஸ்டில் தனியாகக் கடல்நாய் வேட்டைக்குச் சென்றவர் திரும்பவில்லை. வெறுங் கயாக் மட்டும் மிதந்துகொண்டிருந்தது. வித்தை தெரிந்தவரையும் தனிமை கொன்றுவிடும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம்.

இன்னொரு செய்தி என்னை வெகுவாக வியக்க வைத்தது. கிரீன்லாந்து வேட்டைக்காரர்களிடையே ‘கயாக் அச்சம்’ என்றொரு நிலையை டேனிய மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். தலை சுற்றும், படகு ஒருபுறம் சாய்ந்து நீர் நிறைவதுபோல் தோன்றும், கை அசையாது. இது புயலில் வருவதன்று. காற்றே இல்லாமல் கடல் கண்ணாடியாய்க் கிடக்கும் நாளில், வெயில் எதிரே மின்னும்போது வருவது. அலை இருக்கும்வரை உடலுக்கு வேலை இருந்தது. அலை நின்றதும் அச்சம் எழுந்தது.

மீன்

பாஸ் என்னும் பெயர் ‘முள்’, ‘கூர்மை’ என்ற பொருள்தரும் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. முதுகுத் துடுப்பின் முட்களே காரணம். ஐரோப்பியர் வட அமெரிக்காவுக்குச் சென்றபோது தம்முடன் இந்தப் பெயரையும் கொண்டு சென்று, அங்கே கண்ட வேறொரு குடும்பத்து நன்னீர் மீனுக்குச் சூட்டினர். தென் மாநிலங்களில் அதே மீனை டிரவுட் என்றும் அழைத்தனர். 1802இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேத், தம்மிடம் வந்த மாதிரியின் முதுகுத் துடுப்பு சிதைந்திருந்ததை அறியாமல், ‘சிறு துடுப்பு’ எனப் பொருள்படும் மைக்ரோப்டெரஸ் என்ற பேரினப் பெயரை இட்டார். ஊனமுற்ற ஒரு மீனைக் கண்டு இட்ட பெயர் முழு இனத்துக்கும் இன்றுவரை நிலைத்துவிட்டது. பெயரிடலின் வரலாறு பிழைகளின் வரலாறும் ஆகும்.

இம்மீனைப் பெருக்கியவை அணைகள். 1933இல் உருவான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையமும், அமெரிக்க இராணுவப் பொறியாளர் படையும் அடுத்த பல ஆண்டுகளில் நதிகளை மறித்து நீர்த்தேக்கங்களை அமைத்தன. மூழ்கிய காடுகளும் வேலிகளும் சாலைகளும் பாஸ் மீன்களுக்கு மறைவிடங்களாயின. ஆறாக இருந்தபோது இல்லாத ஒன்றும் கூடவே வந்தது: காற்றுக்கு ஓடுதளம்.

திறந்த நீர்ப்பரப்பில் காற்று தடையின்றி எவ்வளவு தொலைவு ஓடுகிறதோ அவ்வளவுக்கு அலை வளரும். 1944இல் நிறைவுற்ற அணையால் உருவான கென்டக்கி ஏரி 184 மைல், அதாவது ஏறத்தாழ 296 கிலோமீட்டர் நீளமுடையது. பெரும்பாலும் தெற்கு வடக்காகக் கிடப்பது. தென்காற்றோ வடகாற்றோ நீளவாக்கில் வீசினால் ஏரி கடலின் குணம் கொள்கிறது. கடலலையேனும் நீண்டு எழுந்து நீண்டு தாழும். ஆழம் குறைந்த நீர்த்தேக்கத்து அலையோ குட்டையானது, செங்குத்தானது. ஒன்று கடக்குமுன் அடுத்தது வந்து மோதும். சிறு படகுக்கு இதுவே கொடிது.

போட்டி

இனி வருவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 1967 மார்ச்சில் அலபாமாவைச் சேர்ந்த ரே ஸ்காட் என்னும் காப்பீட்டு முகவர் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகருக்கு அருகே மீன்பிடிக்கச் சென்றார். மழையும் காற்றும் விரட்ட, விடுதி அறைக்குத் திரும்பித் தொலைக்காட்சியில் கூடைப்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். இதுபோல் பாஸ் மீன்பிடிப்பையும் முறையான போட்டியாக ஏன் நடத்தக் கூடாது என்ற எண்ணம் அப்போது உதித்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் அர்க்கன்சாவின் பீவர் ஏரியில் 106 பேர், ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம் கட்டிக் களமிறங்கினர். அந்த ஏரியின் அணை கட்டி முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. 1968இல் அவர் பாஸ் மீன்பிடிப்போரின் சங்கத்தைத் தொடங்கினார். இன்றைய பெருந்தொழில் ஒன்றின் தொடக்கம், வானிலை சரியில்லை என்று ஒருவர் கரைக்குத் திரும்பிய நாள்தான்.

அவர் வகுத்த முறையில் மீனின் எடையே கணக்கு. பிடித்த மீனைப் படகின் நீர்த்தொட்டியில் உயிரோடு வைத்திருந்து, குறித்த நேரத்தில் குறித்த துறைக்குக் கொண்டுவந்து நிறுக்க வேண்டும். 1972இல் மீனை நிறுத்தபின் உயிரோடு ஏரியில் விடும் வழக்கத்தை அவர் புகுத்தியது இவ்விளையாட்டின் பெரிய அறத்திருப்பம். ஆனால் துறைக்குத் தாமதமாக வந்தால் நிமிடத்துக்கு இத்தனை பவுண்டு என எடையில் குறைத்துவிடுவர். எனவே காற்று எழுந்த பிற்பகலில், ஏரியின் மறுகோடியிலிருந்து அலைகளின்மீது விரைந்து பாய்ந்து வருவது போட்டியின் இயல்பாகவே ஆகிவிட்டது. உயிர்காப்பு அங்கியும், ஓட்டுபவர் தூக்கியெறியப்பட்டால் இயந்திரத்தை நிறுத்தும் விசையும் ஸ்காட்டின் போட்டிகளில் கட்டாயமானதற்கு இந்தப் பாய்ச்சலே காரணம்.

கயாக் இக்களத்துக்குள் வந்த வழி வேறு. 1970களில் கலிஃபோர்னியாவின் மாலிபு கரையில் டிம் நீமியர் என்பவர், உள்ளே நுழைந்து அமரும் கயாக்கை மேலே ஏறி அமரும் கயாக்காக மாற்றினார். ஏறிய நீர் துளைகள் வழியே தானே வடிந்துவிடும். மூடிய உடற்பகுதி மூழ்காது. வார்ப்பு நெகிழி அதை மலிவாக்கியது. 1997இல் ஹோபி நிறுவனம், பெங்குவின் சிறகுபோல் நீருக்கடியில் அசையும் மிதிபொறியைப் பொருத்தியது. கால் படகைச் செலுத்தக் கை தூண்டிலுக்கு விடுதலையானது.

தமிழர் ஒரு கணம் இங்கே நின்று செல்லலாம். ஹோபி நிறுவனம் புகழ்பெற்றது ‘கேட்’ என்ற பின்னொட்டுக் கொண்ட பாய்மரப் படகால். கேட் என்பது கேடமரான். அது நம் கட்டுமரம். சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தை வில்லியம் டாம்பியர் 1697இல் தம் பயண நூலில் எழுதினார். 1876இல் அமெரிக்கர் ஹெரெஷாஃப் இரண்டு உடல்களை இணைத்துக் கட்டிய வேகப் படகுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. மரங்களைக் கயிற்றால் கட்டி, அலை மேலேறி வடிந்து போகவிட்டு, மூழ்காமல் மிதக்கும் நுட்பம் பெயரிலிருந்து கழன்றுவிட்டது. விந்தை என்னவெனில், அந்நுட்பத்தின் சாயல் மேலே ஏறி அமரும் கயாக்கில் மீண்டும் தெரிகிறது: நீரைத் தடுக்காதே, வழிந்தோட விடு.

எடையிடும் தொட்டியைச் சுமக்கக் கயாக்கில் இடமில்லை. ஆகவே கயாக் போட்டிகள் நீளத்தை அளவாக்கின. மீனை அளவுப் பலகையில் இடப்புறம் நோக்கிக் கிடத்தி, மூடிய வாய் பலகையின் முனைத்தடுப்பைத் தொடுமாறு வைத்து, அன்றைய போட்டிக்கென அளித்த அடையாளக் குறியும் தெரியும்படி படமெடுத்து, உடனே நீரில் விட வேண்டும். கால் அங்குலத் துல்லியத்தில் ஐந்து சிறந்த மீன்களின் கூட்டுநீளமே மதிப்பெண். ரே ஸ்காட் தம் தொடக்கப் போட்டிகளில் வெற்றியாளரின் நேர்மையைச் சோதிக்கப் பொய்யறியும் கருவியை நாடினார். இங்கே அப்பணியைக் கைபேசிப் படமும் குறியும் செய்கின்றன. 2010களில் உள்ளூர்ச் சங்கங்கள் பெருகின. ஸ்காட் தொடங்கிய அதே சங்கம் 2020இல் கயாக்குக்கெனத் தனித் தொடரைத் தொடங்கியது.

காற்று

படமெடுக்கும் விதியை நான் முதலில் வெறும் வசதியாகவே எண்ணினேன். பின்னர்தான் அது காற்றுக்கான விதியும் ஆகும் என்பது புரிந்தது. மீன் பிடித்த இடத்திலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. அதைச் சுமந்துகொண்டு அலைகளைக் கடந்து ஒரே துறைக்கு விரைய வேண்டியதில்லை. போட்டியாளர் தமக்கு உகந்த துறையில் இறங்கி, காற்று மறைந்த ஓடைக்குள் ஒதுங்கி, நிலை மோசமானால் அருகிலுள்ள கரையில் ஏறிவிடலாம். பாய்ச்சல் முறையின் பெரிய ஆபத்தொன்றை அளவுப் பலகை நீக்கிவிட்டது.

ஆனால் அதே பலகை வேறோர் ஆபத்தைக் கொண்டுவந்தது. கொந்தளிக்கும் நீரில் ஒற்றை மனிதர், மிதிப்பதை நிறுத்தி, மடியில் வழுக்கும் மீனையும் பலகையையும் ஒரு கையால் பிடித்து, மறுகையால் படமெடுக்க வேண்டும். அந்த அரை நிமிடத்தில் படகின் பக்கவாட்டைக் காற்று திருப்பி அலைக்குக் காட்டிவிடும். பெரிய மீன் துள்ளி நீருக்குள் போய்விட்டால் படமில்லை; படமில்லையேல் மீனே இல்லை. பாய்ந்து பிடிக்கத் தூண்டும் கணம் அது. கண் மீனைப் பார்க்க, கவிழ்க்கும் அலை முதுகுப்புறத்திலிருந்து வரும்.

அவ்வளவு இடர் இருந்தும் காற்றுள்ள கரைக்கு ஏன் செல்கிறார்கள்? மீன் அங்கேதான் இருக்கிறது. காற்று நுண்ணுயிர்களைக் கரையோரம் தள்ளுகிறது. அவற்றைத் தேடிச் சிறுமீன் வருகிறது. சிறுமீனைத் தேடிப் பாஸ் வருகிறது. சலசலக்கும் நீர்ப்பரப்பு வெளிச்சத்தை உடைத்து, படகையும் தூண்டில் நரம்பையும் மீனின் கண்ணிலிருந்து மறைக்கிறது. அமைதியான நாளில் ஐயுற்று விலகும் மீன் காற்றுநாளில் ஓடும் இரையைத் துணிந்து கவ்வுகிறது. பரிசும் ஆபத்தும் ஒரே கரையில் இருப்பதே இவ்விளையாட்டின் முடிச்சு. அமைதியான ஓடைக்குள் ஒதுங்கியவர் பத்திரமாக இருப்பார். பெரும்பாலும் தோற்கவும் செய்வார்.

தேர்ந்தவர்கள் இம்முடிச்சை அவிழ்க்கச் சில ஒழுங்குகளைக் கைக்கொள்கின்றனர். புறப்படும்போது காற்றை எதிர்த்துச் செல். களைத்துத் திரும்பும்போது காற்று உன்னைச் சுமக்கும். நங்கூரத்தைப் படகின் பக்கவாட்டில் கட்டாதே. முனையிலோ பின்முனையிலோ கட்டு. இழுபட்டு ஓடும் படகைத் தாமதப்படுத்த நீர்ப்பையை இறக்கு. உயிர்காப்பு அங்கியைப் படகில் வைக்காதே, உடலில் வை. வெயிலைப் பார்த்து உடுத்தாதே, நீரின் குளிரைப் பார்த்து உடுத்து. குளிர்நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கைகால் சொற்படி கேட்கப் பத்து நிமிடம், நினைவு தப்ப ஒரு மணி நேரம் என்று ஒரு பருமட்டான கணக்கைச் சொல்வார்கள். அந்தப் பத்து நிமிடத்துக்குள் மீண்டும் ஏற முடியாவிட்டால் பிறகு ஏறுவது அரிது. ஆளில்லாப் படகைக் காற்று நீந்துபவரைவிட விரைவாகக் கொண்டுபோய்விடும் என்பதையும் இதோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

விட்டுவந்தது

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். மீன்பிடிக் கயாக்கின் அகலம் பெரும்பாலும் 85 முதல் 90 சென்டிமீட்டர். அதன்மேல் எழுந்து நின்றே தூண்டில் வீசலாம். சமநீரில் அதைப்போல் உறுதியான சிறுகலம் அரிது. ஆனால் அகன்ற அடிப்பாகம் அலையின் சரிவை அப்படியே பின்பற்றும். நீர் சாய்ந்தால் படகும் சாயும். ஒடுங்கிய கிரீன்லாந்துக் கயாக் சமநீரில் தள்ளாடும். அலையிலோ இடுப்பசைவுக்குக் கட்டுப்பட்டு நிமிர்ந்தே நிற்கும். ஒன்று பாதுகாப்பை உணர்த்துகிறது. மற்றொன்று பாதுகாப்பைக் கற்பிக்கிறது. கண்ணாடிக் கடலில் அஞ்சிய வேட்டைக்காரரின் நேரெதிர் நிலை இன்றையது: கண்ணாடி ஏரியில் பெற்ற துணிவோடு அலைக்குள் போவது.

சொல் வந்தது. வடிவத்தின் சாயல் வந்தது. தோலங்கியும் உருண்டெழும் வித்தையும் வரவில்லை; மேலே அமரும் அகன்ற படகில் அவ்வித்தைக்கு இடமும் இல்லை. அதை யாரும் திட்டமிட்டுத் துறக்கவில்லை. கடன்பெற்ற சொல் தன் தாய்மொழியின் இலக்கணத்தைக் கொண்டுவருவதில்லை. புகுந்த மொழியின் இலக்கணத்துக்குள் அடங்கும். பொருள்களுக்கும் அதே விதி என்று தோன்றுகிறது. இழந்த இலக்கணத்தின் இடத்தைப் போட்டி விதிகள் நிரப்ப முயல்கின்றன: அங்கி கட்டாயம், இடி கேட்டால் கரையேறு, காற்று எச்சரிக்கை வந்தால் தள்ளிவை.

இவ்விதிகளில் ஓர் இடைவெளி இன்னும் இருப்பதாக எனக்குப் படுகிறது. பழைய எடைப் போட்டியில் எல்லோரும் ஒரே துறைக்குத் திரும்பியாக வேண்டும். எவர் வரவில்லை என்பது மாலையிலேயே தெரிந்துவிடும். கயாக் போட்டியில் ஆளுக்கொரு துறை. படம் வராவிட்டால் மீன் கிடைக்கவில்லை என்றும் கொள்ளலாம், ஆள் நீரில் இருக்கிறார் என்றும் கொள்ளலாம். இரண்டுக்கும் ஒரே மௌனம். வாட்கின்ஸின் வெறுங் கயாக் நினைவுக்கு வருகிறது.

இறங்குவதா வேண்டாமா என்பதை அவரவரே முடிவு செய்துகொள்ளட்டும் என்பது கேட்க அழகான கொள்கை. ஆனால் நுழைவுக் கட்டணம் கட்டி, விடுப்பு எடுத்து, இரவெல்லாம் வண்டியோட்டி வந்தவரின் முடிவில் காற்றுக்கு மட்டுமா இடமிருக்கும்? பக்கத்தில் மற்றொருவர் இறங்கிவிட்டால் நாம் எப்படி நிற்பது என்ற வெட்கமும் அதில் இருக்கும். கிரீன்லாந்து வேட்டைக்காரருக்கும் நம் கரையின் மீனவருக்கும் கடலுக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாது. அவர்களின் துணிவுக்கு வயிறு காரணம். இங்கே காரணம் பட்டியலில் ஓரிடம். அதனால்தான் முடிவை ஒருவரின் வெட்கத்திடம் விடாமல், முந்தின நாள் மாலையிலேயே எல்லோருக்கும் பொதுவாகப் போட்டியை ஒத்திவைக்கும் அமைப்பாளரை நான் மதிக்கிறேன். அடுத்த நாள் வெயில் அடித்தால் அவரைத் திட்டுவார்கள். திட்டு வாங்கவும் ஒருவர் வேண்டியிருக்கிறது. அதேபோல், மாலையில் பரிசைப் பற்றிப் பேசுமுன் எல்லோரும் கரையேறினார்களா என்று பெயர் பெயராகக் கேட்டு முடிப்பதும் விதியாக வேண்டும்.

உருண்டெழும் முப்பது முறைகளையும் சேர்த்து வைத்த மக்கள் அவற்றைப் பதக்கத்துக்காகச் சேர்க்கவில்லை. போனவர் திரும்பி வர வேண்டும் என்பதற்காகச் சேர்த்தார்கள். 1967இல் ரே ஸ்காட் அன்று மீன் பிடிக்கவில்லை. மழை என்று திரும்பி வந்தார்.